காதொலிப்பானின் இரு வழிகள்



கேட்டல் பயிற்சிக்குரிய உரைப்பகுதிகளை என் குரலிலேயே பதிவு செய்து மாணவர்களுக்கு வழங்கி வருகிறேன். அதனால், "ஐயா, பிள்ளைக்கு எந்த ஹெட்போன் வாங்கலாம்?" என்று பெற்றோர் என்னைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. 2020-ஆம் ஆண்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து இல்லிருப்புக் கற்றல் தொடங்கிய பிறகு இக்கேள்வி பன்மடங்கு பெருகிற்று. அண்மையில் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கணினி அறைக்கு இருபது ஹெட்போன்கள் வாங்க எண்ணி என் கருத்தைக் கேட்டது. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிற்குச் சென்று பார்த்தால், பல பெட்டிகளின்மேல் 'ஸ்டூடியோ' என்னும் சொல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பயன்படுவது என்றால் அதுவே மிக உயர்ந்தது, பாட்டுக் கேட்பதற்கும் அதுவே சிறந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் எந்த அளவிற்குச் சரி என்பதை அறிய இக்கருவியின் வரலாற்றைச் சற்றே பார்க்க வேண்டியிருக்கிறது. (ஹெட்போனை இனிக் காதொலிப்பான் என்றே எழுதுகிறேன்.)

காதொலிப்பான் பாட்டுக் கேட்பதற்காகப் பிறந்ததன்று, வேலைக்காகப் பிறந்தது. 1880-களில் தொலைபேசி இணைப்பகங்களில் பணியாற்றியவர்கள் இரு கைகளாலும் இணைப்புக் கம்பிகளை மாற்றி மாற்றிச் செருக வேண்டியிருந்தது. கைகள் ஓயாமல் இயங்கும்போது காதில் கேட்பியைப் பிடித்துக்கொள்வது எங்ஙனம்? எனவே அதனை உடம்பின்மேலேயே பொருத்தினர். அக்காலக் கருவி ஒன்று தோளின்மீது தாங்கப்பட்டது. அதன் எடை நான்கு கிலோகிராமுக்கும் மேல். ஒலியோ ஒரு காதுக்கு மட்டுந்தான்! நாள் முழுவதும் அதனைச் சுமந்தவர்களின் தோள்களை எண்ணிப் பாருங்கள்.

பின்னர் 1910-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தேனியல் பால்ட்வின் என்பவர், தம் வீட்டுச் சமையலறையில் இரு காதுகளுக்குமான காதொலிப்பானை உருவாக்கி அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படையினர் அதனைச் சோதித்துப் பார்த்து வியந்து வாங்கிக்கொண்டனர். கம்பியில்லாத் தந்தியின் மெல்லிய ஒலிகளை இரைச்சலுக்கு நடுவே பிரித்தறிவதுதான் அதன் பணி. ஒலி இனிமையாக இருக்கிறதா என்று எவரும் கேட்கவில்லை. தெளிவாக இருக்கிறதா என்றே கேட்டனர்.

இன்பத்திற்காகக் கேட்டவர்களும் அக்காலத்தில் இருந்தனர் என்பது உண்மையே. 1881-இல் பாரிஸ் நகரில் நடைபெற்ற மின்னியல் கண்காட்சியில் கிளெமென் ஆடேர் என்பவர், இசை நாடக அரங்கின் மேடையில் வைத்த ஒலிவாங்கிகளிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகக் கண்காட்சி மண்டபத்திற்கு இசையைக் கொண்டுவந்தார். கேட்பவர் ஒவ்வொரு காதிலும் ஒரு கேட்பியை வைத்துக்கொண்டார். இரண்டும் மேடையின் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவை. ஆகவே, பாடகர் மேடையில் நகர்வதைக் கூட உணர முடிந்தது. இலண்டனில் 1895-இல் 'எலக்ட்ரோபோன்' என்னும் சந்தா சேவை தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடைபெற்றது. ஆயினும் இவர்கள் காதில் வைத்தது தொலைபேசிக் கருவியைத்தான். இன்பத்திற்கென்று தனிக் கருவி அன்று இல்லை. பணியாளரின் கருவியை இரவல் வாங்கியே இசை கேட்டனர்.

1937-இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனம் வெளியிட்ட டிடி 48 என்னும் காதொலிப்பான் ஒரு திருப்பம். அதற்கு முன்பிருந்தவற்றில் மின்காந்தம் ஓர் இரும்புத் தகட்டை இழுத்து விடும். பேச்சுக்கு அது போதும், இசைக்குப் போதாது. டிடி 48-இலோ மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று ஒலிச்சவ்வோடு ஒட்டப்பட்டுக் காந்தத்தின் இடைவெளியில் அசைந்தது. இன்றைய காதொலிப்பான்களில் மிகப் பெரும்பாலானவை இம்முறையிலேயே இயங்குகின்றன. அந்த டிடி 48 ஒலிப்பதிவாளர்களுக்கு மட்டுமன்றிச் செவித்திறன் சோதனைக்கும் பயன்பட்டது. இதனை ஆசிரியர்கள் மனத்தில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அளப்பதற்கு உதவும் கருவி என்றால், அது தன் சுவையைச் சேர்க்காமல், உள்ளதை உள்ளவாறு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியாகத் தர வேண்டும்.

இரு வழிகளும் பிரிந்தது 1957, 1958 ஆகிய இரண்டு ஆண்டுகளில் என்பது என் கருத்து.

முதலில் ஒலிப்பதிவுக் கூடத்தைப் பார்ப்போம். அதுவரை பாடகரும் இசைக்குழுவினரும் ஒரே அறையில் கூடி ஒரே மூச்சில் பாடி முடிப்பதே பெருவழக்கு. 1957-இல் அம்பெக்ஸ் நிறுவனம் எட்டுத் தடங்கள் கொண்ட ஒலிநாடாக் கருவியை லெஸ் பால் என்னும் கிதார் கலைஞருக்குச் செய்து தந்தது. முன்பு பதிந்த தடத்தைக் கேட்டுக்கொண்டே, அதற்கு இசைவாகப் புதிய தடத்தைப் பதிவு செய்ய அதில் வழியிருந்தது. இங்குதான் காதொலிப்பான் இன்றியமையாததாயிற்று. பாடகரின் காதில் பழைய இசை ஒலிக்க வேண்டும். ஆனால் அவர்முன் உள்ள ஒலிவாங்கியில் அது ஒரு துளியும் கசியக் கூடாது. ஆகையால் காதை முழுமையாக மூடி, பின்புறமும் அடைக்கப்பட்ட மூடிய வகைக் காதொலிப்பானே கூடத்திற்கு உகந்தது. பொறியாளருக்கோ வேறொரு தேவை. பாடகர் மூச்சிழுக்கும் ஒலி, நாற்காலியின் கிறீச்சொலி, மின்சார ரீங்காரம் ஆகிய குறைகளை அவர் கண்டுபிடித்தாக வேண்டும். ஒலிப்பதிவுப் பணியில் காதொலிப்பான் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போன்றது.

மறுபுறம், 1958-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜான் காஸ் என்பவர் ஓர் இசைத்தட்டுப் பெட்டியைக் காட்சிக்கு வைத்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்த காலம் அது. தனியாக அமர்ந்து கேட்பதற்கு அப்பெட்டியோடு ஒரு காதொலிப்பானையும் இணைத்திருந்தார். மக்கள் பெட்டியைப் பொருட்படுத்தவில்லை; காதொலிப்பானையே விரும்பிக் கேட்டனர்! விமானிகளும் தொலைபேசிப் பணியாளர்களும் அணிந்துவந்த ஒன்று, இல்லத்தில் இசை நுகர்வதற்கான பொருளாக விற்பனைக்கு வந்தது அப்போதுதான்.

இன்பத்தின் வழியில் அடுத்த பெரிய அடி 1968-இல் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட எச்டி 414. காதை இறுக மூடாமல், மஞ்சள் நிறக் கடற்பஞ்சு போன்ற மெத்தையை வைத்துப் பின்புறத்தைத் திறந்துவிட்டது அது. எடை சுமார் 135 கிராம். இசை தலைக்குள் அடைபட்டுக் கிடக்காமல் காற்றோட்டமாக ஒலித்தது. ஒரு கோடிக்கும் மேல் விற்றதாகச் சொல்லப்படும் கருவி அது. ஆனால் அதனை அணிந்துகொண்டு ஒலிவாங்கிமுன் பாடினால், கசியும் ஒலி பதிவில் விழுந்துவிடும். இன்பத்திற்கு நலம் செய்த அதே திறப்பு, பணிக்குக் கேடு செய்தது. இதைவிடத் தெளிவாக இரு வழிகளையும் விளக்க இயலாது.

அதன்பின் 1979 ஜூலை முதல் நாளன்று சோனி நிறுவனத்தின் வாக்மேன் ஜப்பானில் 33,000 யென் விலையில் வெளிவந்தது. அதுவரை பெரும்பாலும் 300, 400 கிராம் என்றிருந்த காதொலிப்பான் அதில் ஏறத்தாழ 50 கிராமாகச் சுருங்கிற்று. முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள் இருந்தன. தனியாகக் கேட்பது பிறரை மதிக்காத செயலாகத் தோன்றுமோ என்று நிறுவனத் தலைவர் அக்கியோ மொரித்தா கருதினார். இன்று ஒரே மேசையில் நான்கு பேர் நான்கு காதொலிப்பான்களோடு உணவு உண்ணும் இல்லங்களைக் காண்கையில் அவருடைய தயக்கம் எனக்கு நினைவுக்கு வரும்.

வழிகள் பிரிந்தன என்றேன். ஆனால் அவை குறுக்கே கலந்தும் இருக்கின்றன. சோனியின் எம்டிஆர்-7506 என்னும் மூடிய வகை 1991-இல் தொழில்முறைப் பணிக்கென வந்தது. இன்றும் வானொலியிலும் படப்பிடிப்பிலும் உழைக்கிறது. சென்ஹைசரின் எச்டி 600 என்னும் திறந்த வகை 1997-இல் இல்லத்து இசை ஆர்வலர்களுக்காக வந்தது. பிற்காலத்தில் ஒலிக்கலவை செய்யும் பொறியாளர்களும் அதனை எடுத்துக்கொண்டனர். கலவைப் பணியில் ஒலிவாங்கி ஏதும் இல்லையாதலால் கசிவு அங்குப் பொருட்டன்று. 2008-இல் வந்த பீட்ஸ் நிறுவனத்தின் முதல் காதொலிப்பானின் பெயரே 'ஸ்டூடியோ'. அதுவோ தாழொலியைத் தூக்கிக் காட்டி, இளையோரின் உள்ளத்தைக் கவர்ந்த இன்பக் கருவி. அதற்குப் பின் அச்சொல் கடைத்தட்டில் வெறும் அலங்காரம் ஆயிற்று என்பதே என் மதிப்பீடு.

'கூட்டாமல் குறைக்காமல் ஒலிப்பது' என்று விளம்பரங்களில் வருகிறதே, அதனையும் ஆராய வேண்டும். நம் செவிமடலும் காதுக்குழாயும் வெளியிலிருந்து வரும் ஒலியில் 3,000 ஹெர்ட்ஸ் பகுதியை இயல்பாகவே உயர்த்துகின்றன. காதொலிப்பான் செவிக்கு அருகிலேயே ஒலிப்பதால் இவ்வியல்பான உயர்வு மாறிவிடும். எனவே அதனை வடிவமைப்பவர்தாம் ஈடு செய்ய வேண்டும். எவ்வளவு செய்வது? ஜெர்மானிய ஆய்வாளர் குந்தர் தைலே 1986-இல் ஸ்டூடியோக் காதொலிப்பான்களுக்கு ஓர் அளவை முன்மொழிந்தார். பின்னர் 2012 முதல் ஹார்மன் நிறுவனத்தின் சான் ஒலிவ், டாட் வெல்ட்டி ஆகியோர் கேட்பவர்களையே வைத்துச் சோதித்தனர். பயிற்சி பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடின்றிப் பெரும்பாலோர் விரும்பியது ஏறக்குறைய ஒரே சமநிலையை: நல்லதோர் அறையில் நல்ல ஒலிபெருக்கி ஒலிப்பது போன்ற ஒலியை. ஆக, தொழிலரின் காதும் நம் காதும் சுவையில் அத்துணைத் தொலைவில் இல்லை. அவர்கள் வேறு கருவியை எடுப்பது அவர்களின் வேலை வேறு என்பதனாலேயே.

இதனை நம் வகுப்பறைக்குக் கொண்டுவருவோம். லகர, ளகர, ழகர வேறுபாட்டை நம் பிள்ளைகள் செவியால்தான் முதலில் கற்கிறார்கள். அவ்வேறுபாட்டைக் காட்டும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் 1,200 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அமைகின்றன. தாழொலி மிகுதியாக ஒலிக்கும்போது அது மேலுள்ள ஒலிகளை மறைத்துவிடும் என்பது செவியின் இயல்பு. பாட்டில் இடிபோல் முழங்கும் தாளம் இன்பமாக இருக்கலாம். கேட்டல் பயிற்சியில் 'வாலை', 'வாளை', 'வாழை' மூன்றும் ஒன்றாகி விட்டால் மாணவன் என்ன செய்வான்? விடை தவறியது அவன் அறியாமையாலா, அவன் காதில் இருந்த கருவியாலா என்பதை மதிப்பெண் காட்டாது.

ஆகவே, கணினி அறைக்கு நான் பரிந்துரைத்தது மூடிய வகை. இருபது பேர் அருகருகே அமர்ந்து கேட்கும்போது திறந்த வகை ஒருவரை ஒருவர் குழப்பும். தாழொலியை மிகைப்படுத்தாததாகவும் எடை குறைந்ததாகவும் இருத்தல் வேண்டும். இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தொழில்முறைக் கருவிகள் சில 250 ஓம், 600 ஓம் அளவுகளில் விற்கப்படுகின்றன. மடிக்கணினியிலோ கைப்பேசியிலோ பொருத்தினால் அவை முணுமுணுக்கும். பிறகு பிள்ளை ஒலியளவை இறுதிவரை திருப்பும். 32 ஓம் அளவே நம் தேவைக்குப் பொருந்தும். குரல் பதிவு செய்யும் ஆசிரியருக்கும் மூடிய வகையே, அதுவும் கம்பியுள்ளதே வேண்டும். புளூடூத்தில் ஒலி சற்றே பிந்தி வருவதால் தம் குரலைத் தாமே கேட்டுத் திணற நேரிடும். இரவில் தனியறையில் பழைய பாடல்களைக் கேட்க விரும்பும் பெற்றோர் தயங்காமல் திறந்த வகையை வாங்கலாம். என் வீட்டில் இருப்பதும் அதுவே.

ஒலியளவைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம். சிறுவர்களுக்கு 75 டெசிபெல் அளவில் அதே 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் கேட்கத்தக்க நேரம் பாதியாகிறது. 75-இல் 40 மணி என்றால் 84-இல் 5 மணிதான். அதுவும் வாரம் முழுமைக்கும். மூடிய வகை வெளியிரைச்சலைத் தடுப்பதால் குறைந்த அளவிலேயே தெளிவாகக் கேட்கலாம் என்பது அதற்குள்ள இன்னொரு சிறப்பு. ஒலியளவுக்கு வரம்பு வைத்த சிறுவர் காதொலிப்பான்களும் கிடைக்கின்றன. பெட்டியில் டெசிபெல் எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னும் ஒரு செய்தி. நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் செயற்கைத் தோலாலான காது மெத்தைகள் விரைவில் உரிந்து கருந்துகள்களாக உதிர்ந்துவிடுகின்றன. மெத்தையும் கம்பியும் தனியே கழற்றி மாற்றக் கூடியவையா என்று கடைக்காரரிடம் கேட்டபின்பே பணம் செலுத்துங்கள். எங்கள் சங்கம் இருபது காதொலிப்பான்களோடு நாற்பது மாற்று மெத்தைகளையும் சேர்த்தே வாங்கியிருக்கிறது.