அம்பாசிடரில் அன்றாடம்: எரியோட்டிலிருந்து ஒரு கணக்கு



"பழைய அம்பாசிடரை வச்சுக்கிட்டு தினமும் வேலைக்குப் போய்வர முடியுமா?" என்று நண்பர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. எரியோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு அதில் போய்வருகிறவன் என்ற முறையில், முடியும் என்பேன். ஏன் முடிகிறது என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1942-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1957-இல் அம்பாசிடரை வெளியிட்டது. 1962-இல் மார்க் 2, 1975-இல் மார்க் 3, 1979-இல் மார்க் 4 வந்தன. 1489 சி.சி. எஞ்சினுக்குத் துணையாக 1992-இல் இசுசு 1800 சி.சி. எஞ்சின் சேர்ந்தது. முகப்பு மாறியதே தவிர, உடல்வாகு 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ அப்படியேதான் இருந்தது. "முன்னேறாத கார்" என்று ஏசினார்கள். ஏச்சில் நியாயமும் உண்டு. ஆனால் 57 வருஷம் மாறாமல் இருந்ததால்தான் ஒரு வண்டியின் சாமான் இன்னொரு வண்டிக்குப் பொருந்துகிறது. அரசு அலுவலகங்களும் டாக்சி ஸ்டாண்டுகளும் அதையே வாங்கியதால், ஊருக்கு ஊர் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் உருவானார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு, இத்தாலியரான மிக்கலோட்டி வடிவமைத்த அழகான கார். 1968-இல் இந்தியாவுக்கென்றே நாலு கதவு வைத்தும் வந்தது. எழுபதுகளில் அதன் இடத்துக்கு கெஸல் வந்து, அதுவும் நின்றது. 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 நிலைக்கவில்லை. இன்று ஹெரால்டு வைத்திருப்பவர் ஒரு சின்ன சாமானுக்கும் ஊர் ஊராகத் தேட வேண்டியிருக்கிறது. பக்கத்தில் செய்த காரை விட, வங்காளத்தில் செய்த கார்தான் நமக்குக் கைகொடுக்கிறது!

ஆக, பழைய கார் ஓடுவது எஞ்சினால் மட்டும் இல்லீங்க; சுற்றியிருக்கும் ஆட்களால். திண்டுக்கல்லில் லேத் பட்டறை, கரூரில் பஸ் பாடி கட்டும் தகர வேலைக்காரர்கள் என்று, குஜிலியம்பாறை வழியாகப் போகும் நம் சாலையின் இரண்டு முனையிலும் கைத்தொழில் தெரிந்தவர்கள் இருப்பது நமக்குப் பெரிய பலம்.

சிரமங்களையும் சொல்லியாக வேண்டும். முன்சக்கர இணைப்புகளுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். டிரம் பிரேக் என்பதால் முன்னால் போகும் வண்டிக்குத் தாராளமாக இடைவெளி விட வேண்டும். சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றால், பம்ப் மேல் ஈரத்துணி போடும் பழைய வைத்தியம் இன்றும் பலிக்கிறது. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றபோது, பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் வால்வு சீட் தேய்மானம் கவலையாயிற்று. இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கும், ஈரத்தை இழுக்கும். ரப்பர் சாமான்களை மாற்றி, கார்புரேட்டர் ஜெட்டையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து சட்டம். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022-இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் 10,000 ஆனது. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டு கடந்த காரை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுக்கலாமே தவிர, அன்றாடம் ஓட்டக் கூடாது. முதல் மார்க் 3 கார்கள் 2025-இல்தான் ஐம்பதை எட்டின. கௌரவமான நம்பர் பலகையா, தினசரி ஓட்டமா என்பதை அதன் சொந்தக்காரர்கள் யோசித்து முடிவு செய்யட்டும்.

என் கவலை வேறு. சாமானை லேத்தில் கடைந்துகொள்ளலாம். ஆளைக் கடைய முடியாது. காதால் கேட்டே டைமிங் வைக்கும் மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. தொழிலுக்கு வரும் பிள்ளைகள் குறைவு. மெக்கானிகல் படிக்கும் தம்பி தங்கைகள் விடுமுறையில் ஒரு மாதம் அவர்களிடம் போய் உட்காருங்கள். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டால், புத்தகத்தில் படித்த காற்று–எரிபொருள் விகிதம் கைக்கே புரிந்துவிடும். அந்த மெக்கானிக்குகள் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.