12-ம் வகுப்பு வரை ஓகே.. காலேஜ் போக ஏன் தடை? அமெரிக்காவில் ஆவணமில்லா மாணவர்கள் சந்திக்கும் சிக்கல் என்ன?

சின்ன வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்து, அங்கேயே அரிச்சுவடி முதல் 12-ம் வகுப்பு வரை படித்து முடித்தவர்கள் அவர்கள். ஆனால் கையில் விசா இல்லை, கிரீன் கார்டும் இல்லை. பள்ளியில் யாரும் கேட்காத அந்தக் கேள்வி, கல்லூரி விண்ணப்பத்தில்தான் முதன்முதலாக வந்து நிற்கிறது.

பள்ளியில் மட்டும் எப்படி இடம் கிடைக்கிறது?

டெக்சாஸில் உள்ள டைலர் நகரப் பள்ளி நிர்வாகம், ஆவணமில்லாத பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982 ஜூன் 15-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளைகளைத் தண்டிக்கக் கூடாது, பள்ளிக் கல்வியை மறுக்க முடியாது என்றது 'ப்ளைலர் எதிர் டோ' தீர்ப்பு. ஆனால் அது பள்ளியோடு சரி. கல்லூரிக்குப் பொருந்தாது.

கல்லூரியில் என்ன பிரச்சினை?

கல்லூரியில் சேரக் கூடாது என்று மத்திய சட்டம் எதுவும் சொல்லவில்லை. சிக்கல் பணத்தில்தான் இருக்கு. மத்திய அரசின் பெல் உதவித்தொகை, கல்விக் கடன், படித்துக்கொண்டே வேலை பார்க்கும் திட்டம் எதுவும் இவர்களுக்குக் கிடையாது. பகுதி நேர வேலைக்குப் போகவும் அனுமதி இல்லை.

அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்மாநில மாணவர்களுக்கு ஒரு கட்டணம், வெளியாட்களுக்கு வேறு கட்டணம். பல இடங்களில் இது 2, 3 மடங்கு அதிகம். அதே ஊரில் வளர்ந்திருந்தாலும் இவர்கள் வெளியாள் கணக்கில் வந்துவிடலாம்.

டெக்சாஸில் என்ன நடந்தது?

இதைச் சரிசெய்ய 2001-ல் முதல் மாநிலமாகச் சட்டம் போட்டதும் டெக்சாஸ்தான். மாநிலத்தில் 3 ஆண்டுகள் வசித்து, அங்கேயே பள்ளிப்படிப்பை முடித்தால் உள்மாநிலக் கட்டணம். கலிஃபோர்னியாவும் அதே ஆண்டில் இதேபோல் சட்டம் கொண்டுவந்தது.

2025 ஜூன் 4-ல் டெக்சாஸ் சட்டத்தை எதிர்த்து அமெரிக்க நீதித்துறை வழக்கு போட்டது. மாநில அரசு எதிர்த்து வாதாடவே இல்லை. அன்றைக்கே சட்டம் செல்லாது என உத்தரவு வந்தது. தொடர்ந்து கென்டக்கி, மினசோட்டா, ஓக்லஹோமா மீதும் வழக்குகள் பாய்ந்தன.

'டாகா' திட்டம் கைகொடுக்காதா?

2012-ல் ஒபாமா அரசு கொண்டுவந்த திட்டம் இது. நாடு கடத்தலில் இருந்து 2 ஆண்டு பாதுகாப்பு, வேலை அனுமதி கிடைக்கும், பிறகு புதுப்பிக்கலாம். ஆனால் 2007 ஜூன் 15-க்கு முன்பே அமெரிக்கா வந்திருக்க வேண்டும். இப்போது பள்ளி முடிப்பவர்களில் பலர் அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள்! போதாக்குறைக்கு, 2021-ல் வந்த நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு புதியவர்களுக்கு ஒப்புதல் தருவதும் நின்றுபோனது.

சொந்த நாட்டுக்குப் போய் ஸ்டூடன்ட் விசாவில் வரலாமே?

இங்கேயும் ஒரு செக் இருக்கு. 18 வயதுக்குப் பிறகு அனுமதியின்றி 180 நாட்களுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால், திரும்பி வர 3 ஆண்டு தடை. ஓராண்டைத் தொட்டால் 10 ஆண்டு தடை. அதாவது பதினெட்டரை வயதிலேயே அந்தக் கதவும் மூடத் தொடங்கிவிடும்.

இந்தியக் குடும்பங்களுக்கும் சிக்கலா?

எச்-1பி விசாவில் இருக்கும் இந்தியர்கள் கிரீன் கார்டுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். அதற்குள் பிள்ளைக்கு 21 வயதானால் பெற்றோரைச் சார்ந்த விசா முடிந்துவிடும். முறையான விசாவில் இருந்ததாலேயே இவர்களுக்கு டாகாவும் கிடையாது. ஸ்டூடன்ட் விசாவுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

தீர்வு என்ன?

நிரந்தரக் குடியுரிமைக்கு வழிசெய்யும் 'ட்ரீம்' மசோதா முதன்முதலில் 2001-ல் வந்தது. 2010-ல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும், செனட்டில் தேவைப்பட்ட 60 வாக்குகளில் 55 மட்டுமே கிடைத்தது. அந்த மசோதா முதலில் வந்த ஆண்டில் பிறந்த பிள்ளைகள் இன்று காலேஜ் வயதையே தாண்டிவிட்டார்கள். சட்டம் மட்டும் இன்னும் வரவில்லை.