இரணியவன்மன்: தில்லையின் தொடக்கக் கதை

சிதம்பரம் நடராசர் கோயிலை எழுப்பியவனாகத் தலபுராணம் போற்றும் அரசன் இரணியவன்மன். இவன் கதை வடமொழியில் சிதம்பர மாகாத்மியத்திலும், தமிழில் உமாபதி சிவாசாரியாரின் கோயிற்புராணத்திலும் வருகிறது. உமாபதியார் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்தவர்.

கடலூர் மாவட்டத்துத் தலபுராணங்களில் முனிவர்களுக்குப் பஞ்சமில்லை. வெள்ளாற்றங்கரையில் இருக்கும் திட்டக்குடி வைத்தியநாதர் கோயிலுக்கு வசிட்டர். தில்லைக்கு வியாக்கிரபாதரும் பதஞ்சலியும். ஆனால் தில்லைக் கதையில் முனிவரோடு ஓர் அரசியலும் சேர்ந்து வருகிறது.

கௌட நாட்டு மன்னன் மனுவின் மூத்த மகன் சிங்கவன்மன். நோயால் மேனி வெளுத்துச் சிங்கத்தின் நிறமாக இருந்தது. அரியணைக்குத் தான் தகுதியில்லை என்று நாட்டைத் தம்பியரிடம் விட்டு, தெற்கே தீர்த்த யாத்திரை புறப்பட்டான். வேடன் ஒருவன் வழிகாட்டத் தில்லைவனம் சேர்ந்து, வியாக்கிரபாதர் சொற்படி சிவகங்கைக் குளத்தில் மூழ்கி எழுந்தான். உடம்பு பொன்னாயிற்று, பெயரும் இரணியவன்மன் ஆயிற்று. தந்தைக்குப் பின் நாடாள அழைப்பு வந்தும் அங்கே தங்காமல், அந்தர்வேதியிலிருந்து மூவாயிரம் அந்தணரை அழைத்துக்கொண்டு தில்லைக்கே திரும்பினான். வந்து எண்ணினால் 2,999 பேர்தான். எல்லோரும் திகைத்து நிற்க, குறைந்த ஒருவன் நானே என்றாராம் கூத்தப்பெருமான்.

ரோம் நகரத்துக் கதை இதற்கு நேர் எதிர். ஓநாய்ப் பால் குடித்து வளர்ந்த இரட்டையர் ரோமுலசும் ரீமசும், நகரை எந்தக் குன்றில் எழுப்புவது என்பதில் மோதிக்கொண்டார்கள். ரோமுலஸ் கட்டிய மதிலைக் கேலியாகத் தாண்டிக் குதித்த ரீமஸ் கொல்லப்பட்டான். மரபுக் கணக்கில் அது கி.மு. 753. அங்கே உடன்பிறந்தான் ரத்தத்தில் நகரம் எழுந்தது; இங்கே அண்ணன் விட்டுக்கொடுத்ததால் கோயில் எழுந்தது. விலங்கு மட்டும் இரண்டிலும் உண்டு. வண்டு மொய்க்கும் முன்பே பூப்பறிக்க, மரமேறுவதற்காகப் புலிக்கால் வரம் வாங்கியவர் வியாக்கிரபாதர். அந்தப் புலி முனிவர்தான் வடநாட்டு இளவரசனைத் தன் மகனாக ஏற்றுக்கொண்டு புலிக்கொடியும் தருகிறார்.

புலிக்கொடி சோழருடையது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ‘வன்மன்’ என்ற பெயரை வைத்து இவனைப் பல்லவனாகக் கண்டவர்கள் முன்பு இருந்தார்கள். ஜெர்மானிய வரலாற்றாய்வாளர் ஹெர்மன் குல்கே 1970இல் வெளியிட்ட நூலில் வேறொரு விளக்கம் தந்தார்: கதைக்குப் பின்னால் நிற்பவன் முதற்குலோத்துங்கன் (1070–1120). தந்தை வழியில் வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியன், தாய் வழியில் இராசேந்திர சோழனின் பேரன். வடக்கிலிருந்து வந்து சோழ அரியணை ஏறியவனுக்கு, புலி முனிவர் மகனாகத் தழுவிக்கொள்ளும் கதை வேண்டியிருந்திருக்கும். இதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை என்றாலும், பல்லவ விளக்கத்தைவிட இது நன்றாகவே பொருந்துகிறது.

இன்னொன்றும் இதற்கு வலுச் சேர்க்கிறது. குலோத்துங்கனிடமும் அவன் மகன் விக்கிரம சோழனிடமும் தளபதியாக இருந்த நரலோகவீரன், சிவகங்கைக் குளத்துக்குக் கற்படி கட்டியதைச் சிதம்பரம் கல்வெட்டே பேசுகிறது. மேற்கே சிவகாமி அம்மன் கோயிலும் கிழக்கே ஆயிரங்கால் மண்டபமும் நிற்க, நடுவே நான்கு புறமும் படிகள் இறங்கும் குளம் அது. வனத்துக்குப் பெயர் தந்த தில்லை மரத்தை இன்று பார்க்கப் பிச்சாவரம் உப்பங்கழிக்குத்தான் போக வேண்டும். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் எழும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தோல் நோய் தீர்ந்த கதைக்கு இப்படியொரு மரம் வாய்த்தது வேடிக்கைதான்.

அந்த மூவாயிரவரின் வழியினராகவே பொது தீட்சிதர்கள் தங்களைக் கருதுகிறார்கள். கோயில் நிர்வாகம் யாருக்கு என்ற வழக்கில், 2014 சனவரி 6 அன்று உச்சநீதிமன்றம் அவர்களுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது.