கொலோனோஸ்கோபிக்கு முன் கவட்டையைச் சோதித்தல்

கவட்டைக் குடலிறக்கம் (ஹெர்னியா) உள்ளவருக்குக் கொலோனோஸ்கோபி செய்யலாமா? வழக்கத்தில் இரண்டு விடைகள் உண்டு. ஹெர்னியாவைப் பொருட்படுத்தவே வேண்டாம் என்பது ஒன்று. முதலில் அறுவை செய்து வலை வைத்துவிட்டுப் பிறகு குடலைப் பார்க்கலாம் என்பது மற்றொன்று. இரண்டும் பொதுவிதியாக நிற்கத் தகாதவை. இறக்கப் பைக்குள் இருப்பது எது, அது வயிற்றுக்குள் திரும்புகிறதா என்ற இரண்டைக் கொண்டே முடிவெடுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் இக்குடலிறக்கம் வருகிறது. வயது ஏற ஏறப் பெருங்குடல் புற்றுநோயைப் போலவே இதுவும் மிகுகிறது. ஆகவே இவ்விரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அன்றாடக் காட்சி. கொலோனோஸ்கோபிக் குழாய் (ஸ்கோப்) இறக்கப் பைக்குள் சிக்குவதோ மிக அரிது. தனித்தனி நோயாளர் அறிக்கைகளாகவே அது பதிவாகியுள்ளது. அரிது என்பதாலேயே அதற்கு யாரும் ஆயத்தமாக இருப்பதில்லை.

சிக்கும் விதத்தைப் பார்ப்போம். பெருங்குடலின் கடைப்பகுதி வளைவான சிக்மாய்டு, குடலைத் தாங்கும் நீண்ட நடுமடிப்பில் தொங்குவதால் இடப்பக்கப் பைக்குள் எளிதில் இறங்கும். சுமார் 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்கோப் அதனுடனேயே இறங்கி, வளைந்து, மீண்டும் வயிற்றுக்குள் ஏறுகிறது. இப்போது பையின் கழுத்தில் ஸ்கோப்பின் இரு தண்டுகளும், குடல்சுவரும், நடுமடிப்பும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. வெளியே இழுத்தால் வளைவின் உச்சி கழுத்தில் மோதி மடங்குகிறது. மேலும் இழுத்தால் குடல் கிழியலாம். கோல்ட்டன், காலர் இருவரும் 1991இல் விவரித்த கப்பி முறை இங்கே கைகொடுக்கிறது: விதைப்பையின் மேலிருந்து வளைவைக் கையால் பற்றி, அது அகலமாகவே இருக்கும்படி தாங்கிக்கொண்டு, ஒரு தண்டை மட்டும் மெல்ல வழுக்கி வெளியே எடுப்பது. எக்ஸ்ரே திரை இருந்தால் இன்னும் நல்லது.

தடுப்பதற்கு இவ்வளவு திறமைகூடத் தேவையில்லை. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து இறக்கத்தை உள்ளே தள்ளிவிட்டு, ஸ்கோப் சிக்மாய்டைக் கடக்கும்வரை உதவியாளர் கவட்டையில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தால் பெரும்பாலும் போதும். ஸ்கோப்பை வெளியே எடுக்கும்போதும் சிக்கல் நேரலாம் என்பதால் அந்தக் கை அப்போதும் அருகிலேயே இருக்கட்டும். ஆழ்ந்த மயக்கத்தில் உள்ளவர் வலிக்கிறது என்று சொல்லமாட்டார். எனவே தடை தட்டுப்பட்டதும் கவட்டையைத் தொட்டுப் பார்ப்பது மருத்துவரின் கடமை.

முதலில் அறுவை என்போருக்கு என் மறுப்பு இது. மலத்தில் இரத்தம் போகிறவருக்கோ, காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு உள்ளவருக்கோ, உள்ளே திரும்பக்கூடிய ஹெர்னியாவைக் காட்டிச் சோதனையைத் தள்ளிப்போடுவது புற்றுநோய்க்கு அவகாசம் கொடுப்பதாகும். குடலில் கட்டி இருப்பது முன்பே தெரிந்தால், வலையை எப்போது வைப்பது, வைக்கலாமா என்ற திட்டமே மாறும்.

உள்ளே திரும்பாத, பெருங்குடல் அடங்கிய இறக்கத்தின் கதை வேறு. அதில் இரத்த ஓட்டம் தடைப்பட்ட அறிகுறி இருந்தால் கொலோனோஸ்கோபிக்கு இடமே இல்லை; அது அவசர அறுவைக்குரியது. அறிகுறி இல்லாவிட்டால், சிடி கொலோனோகிராபியே பத்திரமான மாற்று என்று பலர் கருதுகிறார்கள். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. அதிலும் ஆசனவாய் வழியே வாயு செலுத்தப்படுகிறது. பைக்குள் சிக்கிய சிக்மாய்டு அந்த அழுத்தத்தில் துளைபட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. வாயுவைத் திறக்குமுன் அங்கும் கவட்டையைச் சோதிக்க வேண்டும். எந்தச் சோதனையானாலும், அறுவைக்குப் போக நேரலாம் என்பதை ஒப்புதல் படிவத்தில் எழுதி, நோயாளிக்கு வாய்விட்டும் சொல்ல வேண்டும்.