எதிராளியின் பெயரில் ஒரு முகவரி

1994-ல் டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி, பதியக் காசு கேட்கவில்லை. முந்திக் கேட்டவருக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. தேர்வுக்குப் பயிற்சி கொடுத்துவந்த பிரின்ஸ்டன் ரிவ்யூ, தன் நேர் போட்டியாளரின் பெயரை அப்படியே எடுத்து கப்லான்.காம் என்று பதிந்துகொண்டது. 1938-ல் புரூக்ளினில் தொடங்கி வளர்ந்த நிறுவனம் கப்லான். அதைத் தேடிப் போன மாணவருக்குக் கிடைத்ததோ கப்லானைக் குறை சொல்லும் பக்கம். ஒரு பெட்டி பீர் கொடுத்தால் முகவரியை விட்டுவிடுகிறேன் என்றார் பிரின்ஸ்டன் ரிவ்யூவின் நிறுவனர் ஜான் கட்ஸ்மன். கப்லான் சம்மதிக்கவில்லை. விவகாரம் நடுவர் குழுவுக்குப் போய், அதே ஆண்டில் பெயர் கப்லானுக்கே வந்து சேர்ந்தது.

அடுத்தது நம் ஊர்ப் பக்கத்து வழக்கு. சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே, தன் பெயரைச் சுருக்கி ‘சிஃபி’ என்ற சொல்லை உருவாக்கி, 1999-ல் சிஃபிநெட்.காம் உள்ளிட்ட முகவரிகளைப் பதிந்தது. 2001-லும் 2002-லும் இன்னொரு நிறுவனம் ஓர் ‘எஃப்’ கூடுதலாகச் சேர்த்து இரண்டு சிஃபிநெட் முகவரிகளைப் பதிந்தது. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. தொலைபேசியில் சொன்னாலும் அப்படித்தான். எங்கள் நிறுவனர்கள் ஐவரின் பெயர்களில் உள்ள முதல் எழுத்துகளைக் கோத்த பெயர் இது என்று அந்த நிறுவனம் விளக்கம் கொடுத்தது. பெங்களூரு நகர சிவில் நீதிமன்றம் விதித்த தடையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் நீக்கியது. 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்காமல், சத்யம் இன்ஃபோவே பக்கம் தீர்ப்பளித்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் கட்ஸ்மன் செய்ததுதான் பெரிய அத்துமீறல். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் எதிராளியின் பெயரையே பிடித்தார். ஆனால் அந்தப் பக்கத்துக்குப் போன எவரும் இதுதான் கப்லான் என்று ஏமாந்து திரும்பியிருக்க முடியாது. சிஃபிநெட்டில் நிலைமை வேறு. தவறான இடத்துக்கு வந்தவருக்குத் தான் வழிமாறியதே தெரியாது. தேடிய சேவை அங்கே இல்லையென்றால், அசல் நிறுவனம்தான் பொய் விளம்பரம் செய்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார் என்று உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. வாடிக்கையாளர் போவதோடு, செய்யாத குற்றத்துக்குக் கெட்ட பெயரும் வருகிறது. அதனால் ஓசைப்படாமல் ஓர் எழுத்தை நுழைப்பதையே நான் கூடுதல் தீங்காகக் கருதுகிறேன்.

கட்ஸ்மனை இது விடுவிக்காது. போட்டியாளரை விமர்சிக்க அவருக்கு முழு உரிமை உண்டு. தன் சொந்த முகவரியிலோ, விமர்சனம் என்று பெயரிலேயே தெரிகிற முகவரியிலோ அதைச் செய்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அவர் செய்தது, கப்லானிடம் போக நினைத்த மாணவரை வழிமறித்துத் தன் பேச்சைக் கேட்க வைத்தது.

தன் பெயரைத் தப்பாகத் தட்டுவோருக்காக அந்தப் பிழை வடிவங்களையும் ஒரு நிறுவனம் தானே பதிந்துவைப்பது வேறு விஷயம். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பு, பெயர்த் தகராறுகளுக்காக 1999-ல் கொண்டுவந்த தீர்வு விதிகள், போட்டியாளரின் தொழிலைக் குலைப்பதையே முக்கிய நோக்கமாகக் கொண்ட பதிவைத் தீய எண்ணத்துக்குச் சான்று என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. ஆனால் அந்த விதிகளின்படி உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பான வைப்போவில் ஒற்றை நடுவர் விசாரணைக்கு 1,500 டாலர் கட்டணம். வக்கீல் செலவு தனி. எதிராளியோ சில நூறு ரூபாயில் பெயரைப் பதிந்துவிடுகிறார். கப்லானும் சத்யம் இன்ஃபோவேயும் வழக்காடும் வசதி உள்ளவர்கள். ஒரு சிறிய அச்சகமோ டியூஷன் சென்டரோ பெயர் பறிபோனதைத் தெரிந்துகொண்டாலும் புகார் வரைக்கும் போகாது. அங்கே எந்த நடுவரும் வரப்போவதில்லை. பதிகிறவர் தன் கையை நிறுத்தினால்தான் உண்டு.