குமண வில்லும் கதிர்காம வழியும்

ஈழத்தின் வடபுலத்திலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் வெருகலைக் கடந்து, வாகரை வழியாக மட்டக்களப்பை அடைவர். அங்கிருந்து தெற்கே நடந்து, பொத்துவிலையும் உகந்தை முருகன் சந்நிதியையும் கடந்தால், ஊர்கள் மறைந்து காடு தொடங்குகின்றது. அக்காட்டிலே, கும்புக்கன் ஆற்றுக்கு அண்மையில், ஏறக்குறைய 200 ஹெக்டேயர் பரப்பிலே கிடக்கின்றது குமண வில்லு.

ஆற்றுநீர் சிறியதொரு வாய்க்கால் வழியே இவ்வில்லை நிரப்புகின்றது. அதன் கண்டல் மரங்களிலே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் கூடு கட்டுகின்றன. வைகாசி தொடங்கி ஆடி வரையில் கூடுகளிலே குஞ்சுகள் நிறைந்திருக்கும். ஆடித் திருவிழாவை நாடி அடியார்கள் இவ்வழி நடக்கும் காலமும் அதுவே.

அரசு இவ்விடத்தைப் பறவைச் சரணாலயமாக்கியது 1938 இல். சூழ்ந்த காடு 1970 இல் யால கிழக்குத் தேசியப் பூங்காவாகி, 2006 இல் குமண என்னும் பெயரைப் பெற்றது. 2010 இல் இந்நீர்நிலைகள் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தன. இடையிலே போர் வந்தது. 1985 முதல் 2003 வரை பூங்கா மூடிக்கிடந்தது. அடுத்த ஆண்டே ஆழிப்பேரலையும் தாக்கிற்று. அத்தனைக்கும் பின்னர், பறவைகளும் வந்தன, அடியார்களும் வந்தனர்.

இன்று பறவை காண வருவோர் வண்டியிலிருந்தே காணல் வேண்டும். திருவிழாக் காலத்தில் அடியார்களுக்கு மட்டும் காட்டுவழி நடைக்குத் திறக்கப்படுகின்றது. பெற்ற உரிமை பெரிது. அதற்குரிய கடமையும் பெரிது. கூடுகளை அணுகாமலும் குப்பையை விட்டுச் செல்லாமலும் நடப்பதும் விரதத்தின் ஓர் அங்கமே. அவ்விரதம் வழுவாதவரை, மனிதனின் வழியும் பறவையின் வீடும் ஒரே காட்டில் நிலைத்திருக்கும்.