மரவீட்டுச் சுவர்ப் பலகை: ஓர் ஆணியின் வரலாறு

சுவரில் பலகை அடிப்பதில் என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது என்று கேட்கத் தோன்றும். செங்கல்லும் சிமெண்டும் பார்த்துப் பழகிய நமக்கு மரவீடு என்பதே சினிமாவில் பார்க்கும் சங்கதிதான். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான தனிவீடுகள் இன்றும் மரச்சட்டத்தால்தான் கட்டப்படுகின்றன. அங்கே சுவர் என்பது வரிசையாக நிற்கும் சட்டங்களும் அவற்றின் இருபுறமும் அடித்த பலகைகளும்தான். அந்தப் பலகையை எப்படிப் பொருத்துவது என்பதற்கு நிறைய விதிகள் உண்டு. அவற்றில் பலவும் தீயும் நிலநடுக்கமும் மழையும் கற்றுக்கொடுத்த பாடங்கள்!

சிகாகோவில் வந்த மாற்றம்

பழைய காலத்து மரவீடுகளுக்குக் கனமான உத்தரங்கள் வேண்டும். அவற்றைத் துளையிட்டு ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி இணைக்கக் கைதேர்ந்த தச்சர்கள் வேண்டும். 1830-களில் சிகாகோ நகரம் வேகமாக வளர்ந்தபோது அதற்கெல்லாம் நேரம் இல்லை. மரம் அறுக்கும் ஆலைகள் பெருகின. இயந்திரத்தில் செய்த ஆணியும் மலிவாகக் கிடைத்தது. மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி, ஆணி அடித்தே வீட்டை எழுப்பினார்கள். இதற்கு 'பலூன் சட்டம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

சட்டங்களுக்கு இடையே பொதுவாக 16 அங்குல இடைவெளி விட்டார்கள். அவற்றின் மேல் 4 அடி நீளமுள்ள மெல்லிய ரீப்பர்களைச் சிறு சந்து விட்டு அடித்தார்கள். மூன்று இடைவெளி சேர்ந்தால் 48 அங்குலம், அதாவது 4 அடி. எனவே ரீப்பரின் முனை சரியாக ஒரு சட்டத்தின் மேல் வந்து உட்காரும். ரீப்பர்களின் மேல் சாந்து பூசினால், அது சந்துகளில் புகுந்து பின்பக்கம் கொக்கி போல் பிடித்துக்கொள்ளும். சாந்தை இரண்டு மூன்று முறை பூசவேண்டும். முழுதும் காய வாரக்கணக்கில் ஆகும்.

இந்த முறையில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. சட்டங்கள் அடித்தளத்திலிருந்து கூரை வரை ஒரே நீளமாகச் சென்றன. அதனால் சுவருக்குள் இருந்த வெற்றிடம் புகைபோக்கி போல ஆனது. கீழே பிடித்த தீ சுவருக்குள்ளேயே ஏறிக் கூரையை எட்டிவிடும். இதைத் தடுக்க இடையிடையே குறுக்குக் கட்டைகள் அடிக்கும் வழக்கம் வந்தது. பின்னாளில் ஒவ்வொரு மாடியின் சட்டத்தையும் தனித்தனியாக நிறுத்தினார்கள்.

அமெரிக்காவின் மரநகரங்கள் தீக்கு எவ்வளவு பயப்பட வேண்டியிருந்தது என்பதற்கு 1871 அக்டோபரில் சிகாகோவில் நடந்த பெருந்தீ சாட்சி. சுமார் 300 பேர் இறந்தார்கள். சுமார் ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள்.

ஜிப்சம் பலகை

1894-ல் அகஸ்டின் சாக்கெட் என்ற அமெரிக்கர் ஒரு பலகைக்குக் காப்புரிமை பெற்றார். காகிதத் தாள்களுக்கு நடுவே ஜிப்சம் சாந்தை வைத்துச் செய்த பலகை அது. ரீப்பர்களுக்குப் பதிலாக இதை அடித்து மேலே சாந்து பூசினார்கள். 20 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பலகைகளுக்கு மேல்பூச்சும் தேவைப்படவில்லை. நம் ஊர்க் கடைகளில் 'ஃபால்ஸ் சீலிங்'குக்கு அடிக்கும் பலகையும் இதன் வாரிசுதான்.

ஜிப்சத்தின் பெருமை அதனுள் இருக்கும் தண்ணீர். தூய ஜிப்சம் 100 கிலோவில் சுமார் 21 கிலோ தண்ணீர் வேதியியல் முறையில் கட்டுண்டு கிடக்கிறது. தீ பட்டால் அந்த நீர் ஆவியாகி வெளியேறும். அது முழுதும் தீரும்வரை பலகையின் பின்பக்கம் அதிகம் சூடேறாது. உள்ளே இருக்கும் மரச்சட்டம் அதுவரை பிழைத்திருக்கும். வீட்டிலுள்ளவர்கள் வெளியேற நேரம் கிடைக்கும். ஆனால் இணைப்பில் சந்து விட்டால் தீ அந்த வழியே புகுந்துவிடும். பிறகு பலகை எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பற்றாக்குறை வந்தபோது இந்தப் பலகை எங்கும் பரவியது. நியூயார்க்கை அடுத்த லெவிட்டவுனில் 1947 முதல் 1951 வரை 17,000-க்கும் அதிகமான வீடுகள் எழுந்தன. சாந்து காயக் காத்திருந்தால் அந்த வேகம் சாத்தியமே இல்லை.

துருத்திய ஆணிகள்

வேகத்தோடு புதிய சிக்கலும் வந்தது. ஈரமான மரத்தில் பலகையை அடித்தால், மரம் காய்ந்து சுருங்கும்போது பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே சந்து விழும். யாராவது சுவரை அழுத்தினால் ஆணித்தலை வெளியே துருத்தும். நீளமான ஆணி அடித்தால் பலம் என்று நினைப்பது தவறு. ஆணி எவ்வளவு ஆழம் போகிறதோ, அந்த அளவுக்குத் துருத்தலும் கூடும். உலர்ந்த மரத்தைப் பயன்படுத்துவதும், ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ போடுவதும் இதற்கு மருந்தாயின.

இன்று நல்ல தச்சர் கடைப்பிடிக்கும் விதிகள் இவை:

- பலகையின் பக்கவாட்டு முனை கட்டாயம் ஒரு சட்டத்தின் நடுவில் முடிய வேண்டும்.
- மேல் வரிசை இணைப்பும் கீழ் வரிசை இணைப்பும் ஒரே கோட்டில் வரக்கூடாது. செங்கல் கட்டுவது போல மாற்றி வைக்க வேண்டும்.
- ஸ்க்ரூவின் தலை சற்றே பதிய வேண்டும், காகிதத்தைக் கிழிக்கக்கூடாது. பலகையைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் காகிதம்தான்.
- தரையிலிருந்து அரை அங்குலம் உயர்த்திப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் கீழே கசியும் நீரைப் பலகை உறிஞ்சிவிடும்.
- இணைப்புகளில் காகித நாடா ஒட்டிப் பட்டி பார்க்க வேண்டும்.

நிலநடுக்கமும் மழையும்

1994 ஜனவரி 17 அதிகாலையில் லாஸ் ஏஞ்சலீஸின் நார்த்ரிட்ஜ் பகுதியை 6.7 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. மூன்று மாடி மரக் குடியிருப்பு ஒன்றில் கீழ்த்தளம் நசுங்கி 16 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதியில் இடிந்த, சேதமான கட்டிடங்களை ஆராய்ந்தபோது, பக்கவாட்டு அசைவைத் தாங்க ஜிப்சம் பலகையையும் சிமெண்டுப் பூச்சையும் நம்பியிருந்தது தவறு என்று தெரிந்தது. பிளைவுட் அடித்த இடங்களிலும் கோளாறு இருந்தது. இயந்திரத் துப்பாக்கியால் அடித்த ஆணிகள் பிளைவுட்டுக்குள் அளவுக்கு மீறிப் புதைந்து அதைப் பலவீனமாக்கியிருந்தன. அதன் பிறகு கட்டிட விதிகள் கடுமையாயின.

கனடாவின் வான்கூவரில் எதிரி மழை. 1980-களிலும் 90-களிலும் அங்கே கட்டிய ஆயிரக்கணக்கான குடியிருப்புகளில் வெளிப்பூச்சின் பின்னே நீர் புகுந்தது. வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்த பலகைகளும் சட்டங்களும் உளுத்தன. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கியவர்கள் பழுதுபார்க்கக் கடன் வாங்கினார்கள். 1998-ல் ஒரு விசாரணைக் குழுவே அமைக்க வேண்டி வந்தது. இப்போது வெளிச்சுவர் உறைக்குப் பின்னால் ஒரு சிறு இடைவெளி விடுகிறார்கள். புகுந்த நீர் அதன் வழியே வடிந்துவிடும்.

வீடு வாங்க வருபவர் சுவரின் வண்ணத்தைப் பார்க்கிறார். பட்டிக்கும் பெயிண்டுக்கும் பின்னால் மறைந்திருக்கும் ஆணியை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் தீயும் நிலநடுக்கமும் மழையும் முதலில் சோதிப்பது அதைத்தான். பலகை என்ன விலை என்பதை விட, அதை அடித்த கை எவ்வளவு பொறுமையாக அடித்தது என்பதே வீட்டைக் காக்கிறது.